பட்டம் பெறாத பேராசிரியர்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. தாவரவியல் மாணவர் ஒருவர் எழுதியது)

ஒரு கொடியில் காய்த்த காய்களெல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே காய்க்குள் இருக்கும் விதைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று பருத்திருக்கும், ஒன்று சிறுத்திருக்கும், நுனியில் ஒன்று சூம்பிப் போயிருக்கும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் அப்படியே. இந்த வேற்றுமைக்குக் காரணம் பிறப்பா, வளர்ப்பா என்ற கேள்வி மிகப் பழையது. திண்ணையில் அமர்ந்து இதற்கு விடை சொல்லாதவர் எவருமில்லை. ஆனால் தராசை எடுத்து வைத்துக்கொண்டு, விதை விதையாக நிறுத்து, விதைத்து, அறுத்து, மீண்டும் நிறுத்து விடை கண்டவர் ஒருவர் உண்டு. அவர்தாம் டென்மார்க் நாட்டு அறிஞர் வில்ஹெல்ம் ஜோஹான்சன்.

இக்கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வியுமாகும். என் தந்தை தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கும் தொழிலாளி. தாய் கூலி வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நான் இங்கே சேர்ந்த ஆண்டில் ஊரில் வசதியான ஒருவர் என் தந்தையை நிறுத்தி, படிப்பெல்லாம் வம்சத்தில் வர வேண்டும், உன் பிள்ளைக்கு எதற்கு இந்த வீண் செலவு என்ற பொருளில் பேசியிருக்கிறார். தந்தை அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். முதல் பருவத் தேர்வில் வேதியியலில் நான் தோற்றுப் போனபோது அந்தச் சிரிப்புதான் என் கண்முன் நின்றது. அவர் சொன்னது உண்மைதானோ என்று பல இரவுகள் எண்ணிக் கிடந்தேன்.

இவ்வாண்டு மரபியல் பாடத்தில் ஜோஹான்சனைப் பற்றி அரைப் பக்கம் வருகிறது. அந்த அரைப் பக்கம் போதாமல் நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் வறுமையும்

ஜோஹான்சன் 1857ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3ஆம் நாள் கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். தந்தை டென்மார்க் இராணுவத்தில் அதிகாரி. அதனால் அவரை ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளை என்று நான் சொல்லமாட்டேன். படிப்பின் வாசனை அறிந்த குடும்பம்தான். ஆயினும் மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் அளவுக்குக் கையில் பணமில்லை. ஆகவே 1872இல், தமது பதினைந்தாம் வயதில், அவர் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். நம் பக்கத்தில் பத்தாம் வகுப்போடு கடைவேலைக்குப் போகும் பையன்களின் வயது அது.

டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் மருந்துக் கடைகளில் பணியாற்றிக்கொண்டே வேதியியலையும் தாவரவியலையும் தாமாகவே கற்றார். 1879இல் மருந்தாளர் தேர்வில் வெற்றி பெற்றார். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்குக் கடைசிவரை வாய்க்கவேயில்லை. ஆனால் மருந்துக் கடை அவருக்கு ஒரு பாடத்தை ஆழமாகக் கற்பித்தது எனலாம். எதையும் கண்ணால் மதிப்பிடாமல் தராசில் வைத்து நிறுக்க வேண்டும் என்பதே அப்பாடம்.

கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில்

1881இல் அவருக்குக் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. பீர் வடிக்கும் ஆலையின் அதிபர் அறிவியல் வளர்ச்சிக்காக 1875இல் நிறுவிய கூடம் அது. அங்கே வேதியியல் பிரிவின் தலைவராக இருந்தவர் ஜோஹன் கெல்டால். பொருள்களில் நைட்ரஜன் எவ்வளவு உள்ளது என்று கண்டறியக் கெல்டால் முறையை நாம் இன்றும் கையாளுகிறோமன்றோ, அவரேதான். அம்முறையை அவர் 1883இல் வெளியிட்டபோது ஜோஹான்சன் அதே கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

விதைகளும் கிழங்குகளும் மொட்டுகளும் ஏன் சில காலம் உறங்குகின்றன, பின்பு எப்படி விழிக்கின்றன என்பதே அவர் அங்கே எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. 1887இல் அவ்வேலையை விட்ட பின்னும் உதவித்தொகை பெற்று அதைத் தொடர்ந்தார். 1892இல் கோபன்ஹேகன் கால்நடை வேளாண்மைக் கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர் ஆனார். ஈதர் ஆவியைக் காட்டினால் குளிர்கால உறக்கத்திலுள்ள மொட்டுகளைப் பருவத்துக்கு முன்பே விழிக்கச் செய்யலாம் என்று அவர் கண்டார். பூச்செடி வளர்ப்போர் அம்முறையைக் கொண்டு லைலாக் செடிகளைக் குளிர்காலத்திலேயே பூக்க வைத்தனர்.

பார்லி தானியத்தின் எடைக்கும் அதிலுள்ள நைட்ரஜனுக்கும் உள்ள தொடர்பையும் அவர் ஆராய்ந்தார். ஒரே வயலின் தானியங்களில் இத்தனை வேறுபாடு ஏன் என்ற கேள்வி அவரை விடாமல் பற்றிக்கொண்டது. அக்கேள்வியே அவரை உலகப் புகழுக்கு இட்டுச் சென்றது.

கால்டனின் புதிர்

அக்காலத்தில் இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்டனின் கருத்துகள் செல்வாக்குப் பெற்றிருந்தன. பிறப்பையும் வளர்ப்பையும் எதிரெதிரே நிறுத்தி அறிவியல் உலகில் பெரிதும் பேச வைத்தவர் அவரே. இனிப்புப் பட்டாணி விதைகளைக் கொண்டு அவர் செய்த சோதனையில் ஒரு புதிர் வெளிப்பட்டது. பெரிய விதைகளின் சந்ததி பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் தாயின் அளவுக்குப் பெரிதாக இல்லை. சிறிய விதைகளின் சந்ததி சிறிதாக இருந்தது. ஆனால் தாயின் அளவுக்குச் சிறிதாக இல்லை. இரண்டுமே சராசரியை நோக்கி ஓரளவு திரும்பி வந்தன. ஏன் இந்தப் பின்வாங்கல்?

ஜோஹான்சன் கால்டனிடம் பெருமதிப்பு உடையவர். ஆனால் மதிப்பு வேறு, சோதனை வேறு. கால்டன் பல குடும்பங்களின் விதைகளை ஒன்றாகக் கலந்து கணக்கிட்டார். கலவையைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஜோஹான்சன் எண்ணினார்.

பத்தொன்பது கால்வழிகள்

இதற்கு அவர் தேர்ந்தெடுத்தது பீன்ஸ். அதற்குக் காரணமுண்டு. பீன்ஸ் பூ தன் மகரந்தத்தாலேயே தான் கருவுறும். வெளியிலிருந்து வேறொரு தந்தை வரப் பெரும்பாலும் இடமில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்திருப்பதால், ஒரு விதையிலிருந்து வரும் சந்ததி முழுவதும் பாரம்பரியத்தில் ஒரே வகையாக இருக்கும். இதையே அவர் தூய கால்வழி என்றார். மேலும் பீன்ஸ் விதை பெரியது. ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் நிறுக்கலாம்.

1900ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய இந்த வேலையில் அவர் 19 விதைகளிலிருந்து 19 கால்வழிகளைப் பிரித்தெடுத்தார். ஒவ்வொரு கால்வழியின் விதைகளையும் தனித்தனியே விதைத்து, தனித்தனியே அறுத்து, விளைந்த 5,494 விதைகளையும் நிறுத்தார். நண்பர்களே, நம் ஆய்வுக்கூடத்தில் நூறு விதைகளை நிறுத்து எழுதவே எனக்கு ஒரு பிற்பகல் முழுதும் ஆயிற்று. ஐயாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று நான்கு என்பதை அந்தக் கணக்கில் எண்ணிப் பாருங்கள்.

கால்வழிகளுக்குள் தெளிவான வேறுபாடு இருந்தது. முதலாம் கால்வழியின் சராசரி எடை 64.2 சென்டிகிராம், பத்தொன்பதாம் கால்வழியின் சராசரி 35.1 சென்டிகிராம், மற்றவை இடையில் நின்றன. இது பாரம்பரியத்தால் வந்த வேற்றுமை. ஆனால் ஒவ்வொரு கால்வழிக்குள்ளும் பெரிய விதையும் இருந்தது, சிறிய விதையும் இருந்தது. அது எதனால் வந்தது?

அதை அறிய அவர் ஒரே கால்வழியிலிருந்து மிகச் சிறிய விதைகளை ஒரு பக்கமும் மிகப் பெரிய விதைகளை ஒரு பக்கமும் பிரித்து விதைத்தார். விளைச்சலிலிருந்து மீண்டும் சிறியதில் சிறியதையும் பெரியதில் பெரியதையும் பொறுக்கி விதைத்தார். இப்படி ஆறு தலைமுறைகள், 1902 முதல் 1907 வரை, விடாமல் செய்தார். முதலாம் கால்வழியில் 1904ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். சிறிய தாய் விதைகளின் சராசரி 50 சென்டிகிராம். பெரிய தாய் விதைகளின் சராசரி 87. இவற்றின் சந்ததி எவ்வளவு? முறையே 54.6, 56.7. தாய்மாருக்குள் 37 சென்டிகிராம் வேறுபாடு; பிள்ளைகளுக்குள் இரண்டேதான். ஆறாம் தலைமுறையில், 1907இல், தாய் விதைகள் 56, 81. சந்ததி 69.1, 67.7. சிறிய தாய்களின் பிள்ளைகளே ஒரு படி எடை கூடியிருந்தன!

இன்னொன்றையும் கவனியுங்கள். 1903இல் இரு பக்கத்துச் சந்ததியும் 70க்கு மேல் நின்றன. 1904இல் இரண்டும் 60க்குக் கீழே இறங்கின. 1906இல் இரண்டும் மீண்டும் 70ஐத் தாண்டின. கால்வழி மாறவில்லை, மாறியது அந்தந்த ஆண்டின் பருவமும் நிலமும்தான். ஏறும்போது இரண்டும் சேர்ந்தே ஏறின. இறங்கும்போது இரண்டும் சேர்ந்தே இறங்கின.

ஆகவே ஒரு கால்வழிக்குள் ஒரு விதை பெரிதாவதும் சிறிதாவதும் சூழ்நிலையின் வேலை. காய்க்குள் அது இருந்த இடம், செடியில் காய் இருந்த இடம், மண்ணின் வளம், வெயில், நீர் ஆகியவை செய்த வேலை. அது அந்த விதையோடு முடிந்துவிடுகிறது, சந்ததிக்குப் போவதில்லை.

கால்டனின் புதிரும் இதனால் அவிழ்ந்தது. கலவையில் ஒரு விதை பெரிதாக இருக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நல்ல கால்வழி; மற்றொன்று, நல்ல இடம். சந்ததிக்குப் போவது முதலாவது மட்டுமே. இரண்டாவது நழுவிவிடுகிறது. அதனால்தான் சந்ததி ஓரளவு திரும்பி வருகிறது. ஒரே கால்வழிக்குள் முதற்காரணத்தில் வேற்றுமையே இல்லை. ஆகவே சந்ததி முழு வழியும் திரும்பிவிடுகிறது.

1903இல் இம்முடிவுகளை ஜெர்மன் மொழியில் சிறு நூலாக வெளியிட்டு, அதைக் கால்டனுக்கே காணிக்கையாக்கினார். ஒருவர் கருத்தைத் திருத்திவிட்டு அந்த நூலை அவருக்கே காணிக்கையாக்கும் பண்பை நாம் கற்க வேண்டும். கால்டனின் வழி வந்த கார்ல் பியர்சனும் வெல்டனும் அதே ஆண்டில் அந்நூலைக் குறைகூறி எழுதினர். ஜோஹான்சன் அஞ்சவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் மீண்டும் விதைத்தார், மீண்டும் நிறுத்தார்.

மூன்று சொற்கள்

1905இல் அவர் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தாவரச் செயலியல் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். எந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர வழியில்லாமல் இருந்ததோ, அங்கேயே பேராசிரியர்! அதே ஆண்டில் டேனிஷ் மொழியில் பாரம்பரியம் பற்றிய பாடநூல் ஒன்றை வெளியிட்டார். அதை விரித்து 1909இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில்தான் இன்று உலகமே உச்சரிக்கும் சொல்லை அவர் தந்தார். அதுவே ஜீன். ஹ்யூகோ டி வ்ரீஸ் வழங்கிவந்த பான்ஜீன் என்ற சொல்லின் வாலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார். ஜீன் எந்தப் பொருளால் ஆனது என்று அவர் ஊகிக்கவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத எளிய சொல்லாக அது இருக்க வேண்டும் என்றே விரும்பினார். அது டி.என்.ஏ.வால் ஆனது என்பது அவர் மறைவுக்குப் பின்பே தெளிவாயிற்று.

அதே நூலில் மேலும் இரண்டு சொற்களைத் தந்தார். கண்ணால் காணக்கூடிய, தராசால் நிறுக்கக்கூடிய தோற்றம் பீனோடைப். உள்ளே இருக்கும் பாரம்பரிய அமைப்பு ஜீனோடைப். ஒரே பீனோடைப் உடைய இரு விதைகள் வெவ்வேறு ஜீனோடைப் உடையனவாக இருக்கலாம். ஒரே ஜீனோடைப் வெவ்வேறு சூழ்நிலையில் வெவ்வேறு பீனோடைப்பாக வெளிப்படலாம்.

1911இல் வெளிவந்த ஆங்கிலக் கட்டுரையில் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். தந்தையின் வீடும் நிலமும் மகனுக்கு வருவதுபோல அவருடைய குணங்களும் வருகின்றன என்று எண்ணுவதே தவறு என்று வாதிட்டார். நமக்கு வருவது குணமன்று, ஜீனோடைப் மட்டுமே. அது சூழ்நிலையோடு கலந்து வேலை செய்வதன் விளைவே குணம். இதற்கு இன்றைய மருத்துவத்திலிருந்தே சான்று காட்டலாம். பினைல்கீட்டோனூரியா என்பது முழுக்க முழுக்கப் பாரம்பரிய நோய். கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். ஆனால் பிறந்தவுடன் கண்டுபிடித்து, பினைல்அலனைன் குறைந்த உணவை விடாமல் கொடுத்துவந்தால் அக்கேட்டைத் தடுத்துவிடலாம். ஜீன் மாறவில்லை, உணவு மாறியது, வாழ்க்கையே மாறிவிட்டது.

நம் வயல்களுக்கு வந்த வழி

தூய கால்வழிக் கொள்கை பீன்ஸோடு நிற்கவில்லை. நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையன. கலப்பான நாட்டு ரகத்திலிருந்து ஒற்றைச் செடிகளைப் பிரித்து, அவற்றின் சந்ததியைத் தனித்தனியே வளர்த்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்கும் முறை பயிர் ஆராய்ச்சி நிலையங்களில் நிலைபெற்றது. 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் தொடக்ககால ரகங்கள் பல இவ்வாறு தேர்ந்தவையே. கோணாமணி என்னும் நெல்லில் தனித்துத் தெரிந்த செடியிலிருந்து பெற்று 1921இல் வெளியிட்ட ஜி.இ.பி. 24 பெரும் புகழ் பெற்றது.

இறுதிக் காலம்

1917இல் ஜோஹான்சன் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மருந்துக் கடையில் புட்டிகளுக்கு நடுவே நின்ற பையன் பல்கலைக்கழகத்தின் தலைமை இருக்கையில் அமர்ந்தார். புகழின் உச்சியிலும் அவர் தம் ஐயங்களை மறைக்கவில்லை. மெண்டலின் விதிகள் உயிர்களின் பாரம்பரியம் முழுவதையும் விளக்கிவிடுமா என்று 1923இல்கூடக் கேட்டுக்கொண்டிருந்தார். 1927ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள், எழுபதாம் வயதில், பிறந்த ஊரிலேயே மறைந்தார்.

நான் கற்றது

இந்த வரலாற்றைப் படித்து முடித்தபோது முதலில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா? சிறிய விதை சிறியதாக இருப்பது இடத்தின் குற்றமாக இருக்கலாம் என்று ஜோஹான்சன் காட்டினார். ஆனால் பத்தொன்பதாம் கால்வழியில் எவ்வளவு பெரிய விதையைப் பொறுக்கி விதைத்தாலும் அதன் சந்ததி முதலாம் கால்வழி ஆகாது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். அப்படியானால் நான் பத்தொன்பதாக இருந்தால்? ஊர்க்காரர் சொன்னது சரியாகிவிடாதா?

பல நாள் எண்ணிய பிறகே எனக்கு விளங்கிற்று. ஜோஹான்சன் எந்த விதையையும் கையில் எடுத்துப் பார்த்து இது இன்ன கால்வழி என்று சொல்லிவிடவில்லை. அப்படிச் சொல்ல முடியாது என்பதே அவருடைய கண்டுபிடிப்பு. எல்லாக் கால்வழிகளுக்கும் ஒரே தோட்டத்தில் இடம் கொடுத்து, நூற்றுக்கணக்கான விதைகளை நிறுத்து, பல ஆண்டு காத்திருந்த பிறகே அவர் தீர்ப்புச் சொன்னார். அதுவும் பீன்ஸைப் பற்றித்தான் சொன்னார். மனிதரில் தூய கால்வழி கிடையாது. ஒவ்வொரு பிறப்பிலும் இரு வழிகள் கலக்கின்றன. என் தந்தைக்கும் அந்த ஊர்க்காரருக்கும் ஒரே மண்ணும் ஒரே நீரும் என்றைக்குக் கிடைத்தன? நான் எந்தக் கால்வழி என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. தராசு இல்லாமல் அவர் எடை சொன்னார். அந்த எடையை நானும் இரண்டு ஆண்டு சுமந்தேன். இப்போது இறக்கி வைத்துவிட்டேன். வேதியியல் தாளையும் மறுமுறை எழுதித் தேறிவிட்டேன்.

இந்தக் கதையை விடுமுறையில் என் தந்தைக்குச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. ஒரே குலையில் பெரிய காயும் சிறிய காயும் இருப்பதைத் தாம் நாள்தோறும் பார்ப்பதாகவும், விதைக்கு நெற்று எடுக்கிறவர்கள் காயின் பருமனைப் பார்த்து ஏமாறமாட்டார்கள், பல ஆண்டு காய்த்த மரத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னார். தென்னையில் பிற மரத்து மகரந்தம் வந்து கலப்பதால் அது தூய கால்வழி ஆகாது என்று நான் விளக்கினேன். அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மாலை வேலை இருந்ததால் எழுந்து போனார். பள்ளிக்குப் போகாத அவருக்கு ஜோஹான்சனின் பாதிப் பாடம் முன்பே தெரிந்திருந்தது என்பதை எண்ணி நான் நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நண்பர்களே! எடை போடுவதற்கு முன் எல்லா விதைகளுக்கும் ஒரே மண் கிடைத்தாக வேண்டும். நம்மில் பலருடைய வீடுகளில் நாமே முதல் பட்டதாரிகளாகப் போகிறோம். குறைந்த கட்டணமும் நூலகமும் ஆய்வுக்கூடமும் தந்து நம்மை ஏற்றுக்கொண்ட இந்த அரசு கலைக் கல்லூரிதான் நமக்குக் கிடைத்த மண். இதில் வேரூன்றி வளர்வோம். நாளை நம்மிடம் ஒரு பிள்ளை படிக்க வந்து நின்றால், அதன் வம்சத்தைக் கேளாமல் இடம் கொடுப்போம்.